பழைய காருக்குள் பெட்ரோல் வாடை வருவது ஏன்?

பெட்ரோல் சூடாக்காமலே ஆவியாகும். அந்த ஆவி டேங்க், ஹோஸ், மூடிக்குள் அடைபட்டிருக்க வேண்டும். சின்ன வழி கிடைத்தாலும் காருக்குள் வாடை வந்துவிடும். சரியாக மூடாத கற்பூர டப்பா அலமாரி முழுக்க மணக்குமே, அதுபோல.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் என்றால், மூடியின் ரப்பர் வாஷர் அல்லது பெட்ரோல் ஊற்றும் குழாயைச் சந்தேகப்படலாம். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரம் நிற்கும் வண்டி என்றால் உப்புக்காற்று அந்த இரும்புக் குழாயை அரித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது வந்தால், அணைத்து ஆறவிட்டு, பானெட்டுக்குள் ரப்பர் ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள். பழைய சைக்கிள் டயர் மாதிரி வெடிப்பு இருந்தால் ஹோஸையே மாற்றுங்கள், டேப் சுற்றுவதெல்லாம் வேலைக்காகாது. அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

“தரையில் சொட்டு இல்லையே, அப்புறம் எப்படி லீக்?” என்பார்கள், சூடான எஞ்சின்மேல் கசியும் பெட்ரோல் சொட்டாகும் முன்பே ஆவியாகிவிடும்.