தோழி போட்ட கையெழுத்து

கேள்வி: நான் எம்.எஸ்ஸி. தடய அறிவியல் இரண்டாம் ஆண்டு, உயிரியல் பிரிவில் படிக்கிறேன். ரத்தக்கறை, உமிழ்நீர், முடி ஆகியவற்றை ஆராய்வதுதான் படிப்பு. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், ‘பிணத்தோடு புழங்குகிற படிப்பு’ என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். முந்தின நாள் செய்முறை வகுப்பிலிருந்து பாதியில் கிளம்பி, சான்றுப் பொருள் ஒப்படைக்கும் படிவத்தில் என் கையெழுத்தைத் தோழியையே போடச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஊருக்கு ஓடியதெல்லாம் வீண். இப்போது அப்பா படிப்பை நிறுத்தச் சொல்கிறார். பலசரக்குக் கடையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். அவருக்கு உறைக்கும்படி நீங்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உன் அப்பாவுக்கு எழுத என்னிடம் ஒரே வரிதான் இருக்கிறது: ஐயா, இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேச அதுகூட இல்லை. ரத்தம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் வீட்டில் பிரசவம் எப்படி நடக்கிறதோ, அது அவர்கள் பாடு.

நாலு வார்த்தை கேட்க வேண்டியவள் நீதான். ‘என் கையெழுத்தைத் தோழியையே போடச் சொல்லிவிட்டு’ என்று பஸ் நேரம் சொல்வதுபோல எழுதிவிட்டுப் போகிறாய். அந்த வரியில் கை நடுங்கவில்லையா?

டி.என்.ஏ. சோதனையால் துலங்கிய முதல் கொலை வழக்கை உனக்குப் பாடமாக வைத்திருப்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1983-இலும் 1986-இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். மரபணு விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸின் டி.என்.ஏ. சோதனை, குற்றவாளி அவனில்லை என்று காட்டி அவனைக் காப்பாற்றியது. பிறகு அந்த வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் போலீஸ் ரத்தம் வாங்கியது. உண்மைக் கொலைகாரனான காலின் பிட்ச்ஃபோர்க் சிக்கவில்லை. ஏன்? கூட வேலை பார்த்தவனை அனுப்பித் தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைத்துவிட்டான். போனவன் ஒரு நாள் மதுக்கடையில் வாய்விட்டு உளறியதால்தான் 1987-இல் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான். சோதனையில் பிழை இல்லை. குழாயின் மேலிருந்த பெயர்தான் பொய்.

நீ கொலை செய்யவில்லை, தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நாளைக்குப் பஸ்ஸுக்குப் பதில் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கும், மாமியாருக்குத் திதி இருக்கும். ரத்தம் தோய்ந்த ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துபோகும், நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் போட வேண்டும் என்று நீ படித்திருப்பாய். அதை அப்படியே செய்து, முத்திரை வைத்து, இன்னாரிடம் இத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்பதற்கு உன் கையெழுத்தைத் தவிர என்ன சாட்சி இருக்கிறது? கூண்டில் நிற்கும்போது, ‘இது உங்கள் கையெழுத்துதானா, அம்மா?’ என்று வக்கீல் கேட்பார். அந்தத் துணி ஒரு வீட்டுப் பெண்ணின் பாவாடையாக இருக்கும். அவளைப் பெற்றவள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியலாளர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம். உன்னைப் போலப் படித்தவர்களின் தேவை கூடத்தான் போகிறது, அப்பாவிடம் தாராளமாகச் சொல். அந்த வேலைக்கு நீ லாயக்கா என்பதுதான் என் சந்தேகம்.

‘பலசரக்குக் கடையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்.’ யார் காசில் படித்துக்கொண்டு யாரை இப்படி எழுதுகிறாய்? இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார். அவருடைய கடன் நோட்டை வாங்கிப் பார். யார், என்றைக்கு, எத்தனை கிலோ என்று அன்றன்றைக்கே எழுதியிருப்பார். ஒருவர் கணக்கில் இன்னொருவரைக் கையெழுத்துப் போட விடுவாரா என்று அவரையே கேள்.

அதற்கு முன், திங்கட்கிழமையே, உன் ஆசிரியரிடம் போய் அந்தப் படிவத்தில் இருப்பது உன் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிடு. தோழியை இழுக்காதே, கேட்டவள் நீ. மதிப்பெண் போனால் போகட்டும், அந்தச் செய்முறையை முதலிலிருந்து செய்.