பிராண்ட் டெஸ்க்டாப்பின் மதர்போட் போய்விட்டது, வேறு போட் வாங்கிப் போடலாமா?

போடலாம். ஆனால் கடைக்குப் போக முதல் கேசிங்கைத் திறந்து, பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்குப் போகிற பெரிய பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது என்று எண்ணுங்கள். 24 என்றால் கவலை குறைவு. 6, 8, 10 என்று வந்தால், கடையில் விற்கிற சாதாரண போட் எதுவும் உங்கள் மெஷினில் நேரே ஏறாது. இதை எண்ணாமல் போனதால் எனக்கு ஒரு கிழமை வீணாகப் போனது.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் பாசையூரில், கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றுக்குக் கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கும். உயர்தரம் படிக்கிற தங்கச்சிக்காக செக்கண்ட் ஹாண்டில் எடுத்த நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 மெஷின் அது. ஐப்பசி மழை தொடங்கின கிழமை, ஒரு பின்னேரம் இடி இடித்து ஓய்ந்த பிறகு சுவிச்சை அமத்தினால் ஃபான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. முன்னால் செம்மஞ்சள் லைட் மட்டும். அவளுடைய இரண்டு வருட நோட்ஸ் முழுக்க அதற்குள்தான்.

உடனே மதர்போட் என்று முடிவு கட்டாதீர்கள். பிளக்கைக் கழட்டிவிட்டு ரம் (RAM, நினைவக அட்டை) இரண்டையும் எடுத்து, தங்க நிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லொட்டிலும் போட்டுப் பாருங்கள். போட்டில் இருக்கிற வட்ட பற்றறி சிஆர்2032; 3 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது 2.4 காட்டியது, மாற்றியும் சரிவரவில்லை. பிறகு பவர் சப்ளை. 24 பின் பிளக் என்றால் அதைக் கழட்டி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் தொடுத்து, பிறகு கரன்ட் கொடுத்தால் ஃபான் ஓடும். ஓடாவிட்டால் பழுது அதில்தான். ஓடினாலும் முழுக்க நம்ப வேண்டாம், பாரம் ஏறினால் வோல்டேஜ் விழுகிற சப்ளைகளும் உண்டு. சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது, பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும்.

எங்களுடையது 8 பின். பக்கத்து ரியூசன் சென்ரரில் இதே மொடல் இருந்தது, அங்கே கொண்டுபோய் சப்ளையை மாற்றிப் பார்த்தோம். எங்கள் சப்ளை அவர்களுடைய மெஷினில் ஓடியது, அவர்களுடையது எங்களுடையதில் ஓடவில்லை. போட்டைக் கழட்டி பேப்பர் விரித்து வைத்து டோர்ச் அடித்தேன். புரொசசர் பக்கத்துக் கப்பாசிட்டர் இரண்டின் தலை வீங்கி நின்றது, லான் (நெட்வேர்க்) வயர் கொழுவுகிற சொக்கெட் அடியில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி உப்புப் படிவு.

ஸ்டான்லி வீதியில் ஒரு கடையில் எச்81 போட் ஒன்று புதிதாக வாங்கினேன். புரொசசர் உட்காருகிற சொக்கெட் எல்ஜிஏ1150, எங்கள் புரொசசருக்குச் சரி. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் பவர் பிளக் பொருந்தவில்லை. முன் சுவிச், லைட் வயர்கள் எல்லாம் ஒரே கட்டையாக வந்து முடிந்தன, புது போட்டில் அவை ஒவ்வொரு பின்னாகப் பிரிந்திருந்தன. பின்பக்கத் தகடும் கேசிங்கோடு சேர்ந்த வார்ப்பு, துவாரங்கள் வேறு இடத்தில். சொக்கெட் பின்களைத் தொடாமல் வைத்திருந்ததால் கடைக்கார அண்ணை மறுப்பேதும் சொல்லாமல் திருப்பி எடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகுதான் போட்டில் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரின் பார்ட் நம்பரைப் பார்த்தேன். அதை வைத்துத் தேடினால் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒருவரிடம் கழட்டின போட் இருந்தது. "சொக்கெட்டின்ர படத்தை கிட்ட வைச்சு எடுத்து அனுப்புங்கோ அண்ணை" என்று கேட்டேன். இன்டெல் போட்டில் பின்கள் சொக்கெட்டில்தான் இருக்கும், ஒன்று வளைந்தாலும் காசு போச்சு. படம் சுத்தமாக இருந்தது. இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. புது மெஷின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

பொருத்துவது ஒரு மணித்தியால வேலை. புரொசசரின் சூட்டைக் கடத்தப் பூசுகிற தெர்மல் பேஸ்ட் பயறளவு போதும். ஆனால் இரண்டு விசயம் முதலே செய்யுங்கள். ஹாட் டிஸ்க்கை வேறு கொம்பியூட்டரில் கொழுவி ஃபைல்களை எடுத்து வையுங்கள். விண்டோஸில் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) இருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயை மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடி எழுதி வையுங்கள், போட் மாறினால் அதைக் கேட்கும். எங்களுக்கு வந்த சிக்கல் வேறு: நீலத் திரை. பழைய போட்டின் பயோஸில் (போட்டின் அடிப்படை செட்டிங்கில்) டிஸ்க்கை வாசிக்கிற முறை ரெய்ட் என்று இருந்திருக்கிறது, வந்த போட்டில் ஏஎச்சிஐ. அதை ரெய்டுக்கு மாற்றியதும் தங்கச்சியின் டெஸ்க்டாப் படம் வந்தது. அவள் பக்கத்தில் நின்று மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதே போட் கிடைக்காவிட்டால் 24 பின் மாற்று வயரோடு மல்லுக்கட்டாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சாதாரண கேசிங், சப்ளை, போட் மூன்றையும் எடுத்து, பழைய புரொசசர், ரம், டிஸ்க்கை அதில் போடுங்கள். பிறகு எது பழுதானாலும் இங்கேயே வாங்கலாம். சொக்கெட் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஆறாம், ஏழாம் தலைமுறையும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறையும் எல்ஜிஏ1151தான், ஆனால் ஒன்றின் போட்டில் மற்றது ஓடாது. மெஷினோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பழைய போட்டோடு கட்டப்பட்டது, வேறு மொடல் போட் என்றால் அக்டிவேசன் கேட்கக்கூடும்.

செலவழிப்பதா என்பதற்கு என் கணக்கு இது: எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவில்லை, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய மெஷினுக்குக் கழட்டின போட் மலிவாகக் கிடைத்தால் போடுங்கள், புது போட் வேண்டாம். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலேயோ என்றால் தயங்காமல் திருத்துங்கள்.

மெஷின் ஓடத் தொடங்கினதும் இடி முழங்கும்போது கரன்ட் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வருகிற லான் வயரையும் கழட்டுங்கள். அதை நாங்கள் அன்று கழட்டவில்லை.

உங்கள் போட்டின் பார்ட் நம்பரையும் பவர் பிளக்கின் படத்தையும் கீழே போட்டால், என்ன பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.