‘எல்லாம் இன்க்ளூடட் சார்’ என்றார் ஏஜென்ட். கப்பலில் ஒன்றரை லட்சம் பில்

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் 25-வது திருமண நாளுக்காக நானும் மனைவியும், மைத்துனரும் அவர் மனைவியுமாகச் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் பயணம் போனோம். நால்வருக்குமே இதுதான் முதல் முறை. “ஃபுட், டிரிங்க்ஸ் எல்லாம் இன்க்ளூடட் சார், கப்பல்ல பர்ஸையே எடுக்க வேண்டாம்” என்று ஏஜென்ட் வாட்ஸப்பில் எழுதியிருந்தார். முதல் நாள் சாயங்காலம் பாரில் பீர் கேட்டால் காசு என்கிறார்கள். டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுத்தால் லாபம் என்று அங்கே இருந்தவர் சொன்னார். எடுக்கப் போனால், ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் எடுத்தே ஆகவேண்டுமாம். என் மனைவி வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வேறு வழியில்லாமல் நால்வருக்கும் எடுத்தோம். கடைசி நாள் பில் 1,749.60 டாலர், எல்லாம் என் கார்டில். பணத்தை இரண்டு முறை பிடித்த மாதிரியும் தெரிகிறது. ரிசப்ஷனில் என் மனைவியிடம் பேசிய விதத்தை எழுதவே கை கூசுகிறது. மைத்துனர் பாதிப் பணம் தர மறுக்கிறார். “நான் செய்யாத பரிவர்த்தனை” என்று பேங்க் ஆப்பில் புகார் போட்டிருக்கிறேன், அந்த மாத கார்டு பில்லையும் கட்டவில்லை. ஏஜென்ட் அடுத்த பயணத்தில் 25,000 ரூபாய் கழித்துத் தருகிறாராம். கப்பல் கம்பெனி, ஏஜென்ட் இருவர் மீதும் 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஏழு பக்கம். அதில் ரிசப்ஷன் பெண்ணின் தொனி மூன்று பக்கம், மைத்துனர் இரண்டு பக்கம். இரண்டையும் மடித்து வைத்துவிடுங்கள். தொனிக்கு எந்த நுகர்வோர் ஆணையமும் பணம் தராது. மைத்துனர் கணக்கு உங்கள் வீட்டுக் கணக்கு. அதை இந்த வழக்கில் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம்.

நீங்கள் இணைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளில் எனக்கு வேண்டியவை மூன்று தேதிகள். ‘எல்லாம் இன்க்ளூடட்’ மெசேஜ், முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் வந்திருக்கிறது. மது, டிப்ஸ், வைஃபை எதுவும் சேராது என்று சொல்லும் வவுச்சர் பி.டி.எஃப்., முழுப் பணமும் கட்டிய மறுநாள் வந்திருக்கிறது. கப்பல் ஏறியது அதற்கு 23 நாள் கழித்து. உங்கள் வழக்கு இந்த மூன்று தேதிக்குள் அடக்கம்.

பணம் வாங்கும்வரை ஒன்று சொல்லி, வாங்கிய பிறகு வேறு காகிதம் அனுப்பியது ஏஜென்ட்டின் தவறு. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) சொல்கிறது. அதுவரை உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் 23 நாள் அந்த பி.டி.எஃப். உங்கள் போனில் கிடந்ததே, திறந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பார்கள். அதைவிட மோசமான கேள்வி அடுத்தது: பேக்கேஜ் வாங்கும் நேரத்தில் மது இலவசம் என்று நம்பிக்கொண்டா வாங்கினீர்கள்? இல்லை. பாரில் பீருக்குக் காசு கேட்டபோதே விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் வாங்கினீர்கள். அதாவது, ஏஜென்ட் சொன்ன பொய் உங்களைக் கப்பலில் ஏற்றியது; பேக்கேஜை வாங்க வைத்தது கப்பலில் நடந்த விற்பனைப் பேச்சு. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் உங்கள் பணத்தில் பெரும்பகுதி விழுந்துவிட்டது.

பில்லைப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் வீதம் நான்கு பேர், நான்கு நாள், 1,120. அதன் மேல் 18 சதவீத சேவைக் கட்டணம் 201.60. பணியாளர் டிப்ஸ் தலைக்கு நாளொன்றுக்கு 18 வீதம் 288. வைஃபையும் போட்டோவும் 140. கூட்டினால் சரியாக 1,749.60 வருகிறது. ஆக கப்பல்காரர் கணக்கில் பிழை இல்லை.

ஒரு கேபினில் ஒருவர் எடுத்தால் மற்ற பெரியவர்களும் எடுக்கவேண்டும் என்ற விதி பல கம்பெனிகளில் உண்டு. ஒருவர் வாங்கி நாலு பேர் குடிப்பதைத் தடுக்கத்தான் அது. சில கம்பெனிகளில், கேட்டால், குடிக்காதவருக்கு ஜூஸ், காபி மட்டும் உள்ள மலிவான பேக்கேஜைக் கொடுப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. இன்னொரு கணக்கும் போடவில்லை. பாரில் ஒரு கிளாஸ் 12 டாலர் என்று வையுங்கள், 18 சதவீதம் சேர்த்தால் 14.16. பேக்கேஜ் நாளொன்றுக்கு 82.60. தினம் ஆறு கிளாஸ் குடித்தால்தான் கொடுத்த காசு திரும்பும். மனைவியின் பங்கும் உங்கள் தலையில் என்பதால் உங்களுக்குப் பன்னிரண்டு! முதல் நாள் ஏறவே மதியம் ஆகிவிடும், கடைசிக் காலை இறக்கிவிட்டு விடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் காசு கொடுத்துக் குடித்திருந்தால் உங்களுக்கும் மைத்துனருக்கும் சேர்த்து 300 டாலரைத் தாண்டியிருக்காது. இது முட்டாள்தனமான பேரம். ஆனால் முட்டாள்தனமான பேரம் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ‘குடிக்கவே இல்லை’ என்ற வாதமும் நிற்காது, பேக்கேஜில் அவர்கள் விற்பது குடிக்கும் உரிமையைத்தான்.

‘இந்தியாவில் சேவைக் கட்டணமே தடை ஆயிற்றே’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அந்த வழிகாட்டுதல், ஹோட்டல்களும் உணவகங்களும் தானாகவே பில்லில் அதைச் சேர்ப்பதைப் பற்றியது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிங்கப்பூரில் கிளம்பும் வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பலில் ஏற முடியாது. டிப்ஸைப் பொறுத்தவரை, பல கப்பல்களில் இறங்குவதற்கு முன் கவுண்டரில் கேட்டால் குறைப்பார்கள், நீக்குவதும் உண்டு. இறங்கி ஊர் வந்து சேர்ந்தபின் அந்தக் கதவு மூடிவிடும்.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். என் அலுவலகத்தில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். நீங்கள் பேங்க் ஆப்பில் எழுதிய அந்த ஒரு வரி.

‘நான் செய்யாத பரிவர்த்தனை’ என்பது மோசடிக்கான பெட்டி. கார்டு திருடு போனவன், ஓ.டி.பி.யை எவனோ பிடுங்கியவன், இவர்களுக்கானது. அதை டிக் செய்ததும் பேங்க் அந்தக் கார்டை முடக்கும், சில சமயம் தற்காலிகமாகப் பணத்தையும் திருப்பிப் போடும். எல்லோரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து. அப்புறம் கப்பல் கம்பெனியிடமிருந்து பதில் வரும். ஏறும்போது உங்கள் கார்டைக் கேபின் கணக்கோடு இணைக்கச் சம்மதித்த பதிவு, பேக்கேஜ் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து, கேபின் அட்டையைத் தட்டிய ஒவ்வொரு நேரமும்: இரண்டாம் நாள், இரவு 11.42, நீச்சல்குளம் பார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு எந்த பேங்க்கும் உங்கள் பக்கம் நிற்காது.

என்னிடம் வந்த ஒருவர், திருப்பூர்க்காரர், வேறொரு பயணத்தில் இதையே செய்தார். நாற்பது நாள் கழித்து பேங்க் பணத்தை மறுபடி எடுத்துக்கொண்டது. அதற்குள் ‘இது சர்ச்சையில் இருக்கிறது’ என்று கார்டு பில்லைக் கட்டாமல் விட்டிருந்தார். வட்டி, தாமதக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., கூடவே கடன் மதிப்பெண்ணில் அடி. அதுகூடப் பரவாயில்லை. நுகர்வோர் ஆணையத்தில் ஏஜென்ட்டின் வக்கீல் எழுந்து அந்த பேங்க் புகாரின் நகலை நீட்டினார். “இவர் தன் பேங்க்கிடம் கப்பலில் எதுவுமே வாங்கவில்லை என்கிறார். இங்கே, வாங்கவேண்டிய நிலைக்கு ஏஜென்ட் தள்ளினார் என்கிறார். இதில் எது உண்மை?” என்று ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு என் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. உண்மையான ஒரு சின்னக் குறையை, பொய்யான ஒரு பெரிய புகார் விழுங்கிவிட்டது.

எனவே இன்றே பேங்க்குக்கு எழுதுங்கள்: பரிவர்த்தனை என்னுடையதுதான், தவறான வகையில் பதிவு செய்துவிட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி போதும். கார்டு பில்லை முழுதாகக் கட்டுங்கள். வட்டி ஏறிய பிறகு அதையும் ஏஜென்ட் தலையில் கட்ட முடியாது. இரண்டு முறை பிடித்தது என்கிறீர்களே, உங்கள் ஸ்டேட்மென்ட்டில் நான் பார்த்தவரை அது முன் அனுமதித் தொகை. கப்பலில் தினமும் ஒரு தொகையைக் கார்டில் நிறுத்திவைப்பார்கள், இறுதி பில் போட்டபின் அது தானாக நீங்கிவிடும். அடுத்த ஸ்டேட்மென்ட்டிலும் அது நின்றால், அப்போது அந்த ஒன்றை மட்டும், ‘இரட்டைப் பற்று’ என்ற வகையில் புகார் செய்யுங்கள். அது உண்மையான புகார், நிற்கும்.

அடுத்த குழி, வழக்கை எழுதும் விதம். கோபத்தில் எல்லோரும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு பத்தி சேர்ப்பார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்க மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது, அது மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். அந்த ஒரு பத்திக்காக, புகாரை அங்கே விசாரணைக்கு எடுக்கலாமா கூடாதா என்ற சண்டையிலேயே ஒரு வருட வாய்தா ஓடும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கப்பல் கம்பெனியைச் சேர்க்க வேண்டாம். டிக்கெட் ஒப்பந்தத்தில், வழக்கு இன்ன நாட்டில்தான் என்று ஒரு ஷரத்து இருக்கும். 1991-ல் அமெரிக்க உச்சநீதிமன்றமே, வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியரை டிக்கெட்டில் உள்ளபடி ஃபுளோரிடாவுக்குப் போகச் சொன்னது. நம் ஆணையங்கள் அவ்வளவு எளிதில் கதவடைப்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பலம் உங்களுக்கு உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் உங்கள் கோபம் வடிந்துவிடும். உத்தரவு கிடைத்தாலும், இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லாதவரிடம் எதை ஜப்தி செய்வீர்கள்? உங்கள் புகார் ஏஜென்ட்டின் வார்த்தை மீது. அவர் மட்டும் போதும்.

10 லட்சம் என்ற எண்ணையும் விடுங்கள். ஆணையத்தில் புகார்க் கட்டணம், நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான், ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, எனவே கேட்பதற்குச் செலவில்லைதான். கேட்டவுடன் ஆணைய உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

நேராகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். ஏஜென்ட்டின் வார்த்தையோடு நேரடியாகத் தொடர்புள்ளது டிப்ஸ் 288 டாலர், ஏறக்குறைய 25,000 ரூபாய். அது நீங்கள் தேர்ந்தெடுத்த செலவு இல்லை, ‘பர்ஸையே எடுக்க வேண்டாம்’ என்றவர் சொல்லாமல் விட்ட செலவு. அதற்கு மேல், அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் ஊரிலேயே நிதானமாகக் கணக்குப் பார்த்திருப்பேன் என்ற வாதத்துக்கு ஒரு பங்கு. வழக்கில் ஜெயித்தாலும் மன உளைச்சலுக்குச் சில ஆயிரங்களும் செலவுத்தொகையும் சேரும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வருடம், பட்டறையை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் அலைச்சல். வக்கீல் நோட்டீஸில் 60,000 கேளுங்கள், 40,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக, வங்கிப் பரிமாற்றமாக மட்டும். அடுத்த பயணத்தில் கழிவு என்பது அவர் உங்களுக்குத் தரும் பணமில்லை, நீங்கள் அவருக்கு மறுபடி தரப்போகும் பணம். அந்தக் கழிவை ஏற்று ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று அவர் அனுப்பும் மெசேஜுக்கு வெறும் ஓகே போட்டாலும் ஆபத்து. அப்புறம் எதற்கும் வாயைத் திறக்க முடியாது. அதுவரை அந்த வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வழக்கு என்று வந்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி, மின்னணுப் பதிவுக்கான சான்று கொடுக்க அசல் போன் கையில் இருப்பது நல்லது.

சமரச ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் ஏஜென்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். மைத்துனரும் பயணி, அவர் தனியாக வேறொரு புகார் போடலாம் என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியும். எனவே அந்தக் காகிதத்தில் மைத்துனர் கையெழுத்தும் வேண்டும். அதை வாங்கப் போகும்போது பாதிப் பணம் பற்றிப் பேசாதீர்கள். 40,000 உங்கள் கணக்கில் ஏறிய பிறகு பேசுங்கள்.