மூணு ரெப்போவுக்கும் ஒரே லிண்ட் ரூல்ஸ் வேணும்னா

நீங்க சொல்றத பார்த்தா மூணு ப்ராஜெக்ட் ரெப்போலயும் (கோடு வச்சிருக்கற இடம்) ஈஎஸ்லிண்ட்டோட, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கோடுல தப்ப சுட்டிக்காட்டுற லிண்ட் டூலோட, கான்ஃபிக் ஃபைலை காப்பி பண்ணி வச்சிருக்கீங்க, ஒருத்தர் ஒரு ரூலை மாத்தினா மத்த ரெண்டுலயும் மாறல, அதான பிரச்சனை? காப்பி பண்றத முதல்ல நிறுத்துங்க. ரூல்ஸை மட்டும் தனி என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்) பேக்கேஜா போட்டு எல்லா ரெப்போலயும் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க, பிரைவேட் ரெஜிஸ்ட்ரி (உங்க டீம் மட்டும் பேக்கேஜ் போட்டு எடுக்கற சர்வர்) இல்லேன்னா கிட் யுஆர்எல்ல இருந்தே எடுக்கலாம்.

2024ல வந்த ஈஎஸ்லிண்ட் 9ல இருந்து ஃப்ளாட் கான்ஃபிக்தான் (எல்லா செட்டிங்கையும் ஒரே அரேல வரிசையா எழுதுற முறை) டீஃபால்ட், அதுல இது ரொம்ப ஈஸி. பிளக்இன் எல்லாம் பேக்கேஜோட டிபென்டன்சியா இருக்கட்டும், ஈஎஸ்லிண்ட்டை மட்டும் பியர் டிபென்டன்சியா (அந்தந்த ரெப்போ தன்னோடதை வச்சிருக்கணும்னு சொல்றது) குடுங்க. ரெப்போவோட கான்ஃபிக் ஃபைல்ல பேக்கேஜை இம்போர்ட் பண்ணி அரேல ஸ்ப்ரெட் பண்ணா (மூணு புள்ளி போட்டு உள்ள விரிச்சா) போதும், கீழ எழுதுறதுதான் ஜெயிக்கும்ங்கறதால அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தேவையான மாற்றத்த கடைசில போடுங்க.

ஸ்பேஸ், செமிகோலன் சண்டையெல்லாம் ப்ரெட்டியர்கிட்ட (கோடை தானா ஒரே மாதிரி அடுக்கற டூல்) விட்டுடுங்க, லிண்ட்ல நிஜமான தப்பை (bug) பிடிக்கிற ரூல்ஸ் மட்டும் இருந்தா டீம் மனசார ஏத்துக்கும். பழைய கோடுல எரர் கொட்டும்னு பயப்படாதீங்க, ஈஎஸ்லிண்ட் 9.24ல இருந்து சப்ரெஸ்-ஆல் ஆப்ஷன் இருக்கு, இருக்கறத அப்படியே பதிஞ்சு வச்சிட்டு புதுசா வர்றத மட்டும் காட்டும். ஆனா சிஐல (கோடு சேர்க்கறப்ப தானா ஓடுற செக்) லிண்ட்டை கட்டாயம் ஓட விடுங்க, எடிட்டர்ல மட்டும் இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க.