தாழ்ந்த காரும் வாசல் ராம்ப்பும்: கேள்வி பதில்

சென்னையில் வீட்டு வாசல் ராம்ப் கட்டித் தருவதும், தப்பாகக் கட்டியதை இடித்துச் சரிசெய்வதும் என் தொழில். என்ன கார் என்று சொல்வதோடு வாசலின் அளவையும் சொல்லுங்கள்.

அண்ணா நகர்: பழைய போர்ஷே 911 வாங்கியிருக்கிறேன். ரோட்டைவிட கேட் ஓர் அடி உயரம், ராம்ப் ஐந்தடி நீளம். ஏறும்போது முன் லிப் (பம்பரின் அடி விளிம்பு) உரசுகிறது.

அளவோடு கேட்டதற்கு நன்றி. ஒரு டேப் எடுத்து இரண்டை அளந்து பாருங்கள்: லிப் தரையிலிருந்து எவ்வளவு உயரம், லிப்பின் நுனியிலிருந்து முன் டயர் தரையைத் தொடும் இடம் வரை எவ்வளவு தூரம். 5 அங்குலமும் 32 அங்குலமும் என்று வைத்துக்கொள்வோம். 5-ஐ 32-ஆல் வகுத்தால் வண்டி தாங்கும் சரிவு ஏறத்தாழ ஆறரைக்கு ஒன்று, அதாவது ஆறரை அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம். உங்கள் ராம்ப் ஐந்துக்கு ஒன்று. உரசாமல் என்ன செய்யும்?

மேல் முனையையும் பாருங்கள். 2011-இல் அறிமுகமான தலைமுறை முதல் 911-இன் இரண்டு அச்சுக்கும் நடுவே 2,450 மி.மீ. நடுவில் தரை இடைவெளி 12 செ.மீ. இருந்தால் ராம்ப் முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில் வண்டி தாண்டக்கூடிய முறிவுக் கோணம் 11 டிகிரிதான். ஐந்துக்கு ஒன்று சரிவு என்பதே 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். லிப்பைக் காப்பாற்றி ஏற்றினாலும் மேலே வண்டியின் அடிப்பாகம் தட்டும்.

தீர்வு, ராம்ப்பை கேட்டுக்கு உள்பக்கமாக நீட்டுவது. மொத்தம் பத்தடி கிடைத்தால் பத்துக்கு ஒன்று, நிம்மதியாக ஏறும். எட்டடி கிடைத்தாலும் தப்பிக்கலாம். ஒரு சிக்கல்: கேட் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் கதவின் அடி ராம்ப்பில் இடித்து நிற்கும், ஸ்லைடிங் கேட்டாக மாற்ற வேண்டிவரும். உயரம் அதிகமாக இருந்து அதற்கேற்ற நீளம் கிடைக்காதவர்கள் நடுவில் சரிவைக் கூட்டி வைத்து, மேலும் கீழும் அதில் பாதிச் சரிவாகப் போடலாம். அந்த முனைத் துண்டுகள் நாலடிக்குக் குறையக் கூடாது. கொத்தனார் கடைசி அரை அடியைக் கரண்டியால் வழித்து ‘ரவுண்டு பண்ணிட்டேன் சார்’ என்பார். அதனால் பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று: ராம்ப்பின் காலடியில் பிரேக் மிதிக்காதீர்கள். மிதித்தால் மூக்கு தாழும், போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் வீண். முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு உருட்டிக்கொண்டே ஏறுங்கள்.

கோவை: ஸ்பிரிங்கில் ஸ்பேசர் (இடையில் செருகும் வளையம்) போட்டு ஓர் அங்குலம் உயர்த்தினால் போதாதா?

மேலே உள்ள வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். லிப் 6 அங்குலம் ஆனால் தாங்கும் சரிவு ஐந்தே காலுக்கு ஒன்று. ஐந்துக்கு ஒன்று ராம்ப்பில் அப்போதும் உரசும். கையாளும் விதம் கெடும், அலைன்மென்ட் திரும்பப் பார்க்க வேண்டும், கம்பெனி அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கேள்விக்கு உள்ளாகலாம். வாசலில் இருக்கும் குறைக்கு வண்டியை ஏன் வெட்டி ஒட்ட வேண்டும்?

திருச்சி: ரிவர்ஸில் ஏற்றினால் மூக்கு தப்புமா அண்ணே?

தப்பாது தம்பி. முகம் உள்ளே பார்த்து ஏறும்போது வண்டி சமதரையில், லிப்புக்கு முன்னால் சரிவு. ரிவர்ஸில் ஏறும்போது வண்டி சரிவில், லிப்புக்கு முன்னால் சமதரை. சரிவும் சமதரையும் சேரும் மடிப்பில் முன் டயர் நிற்கும்போது இரண்டிலும் கோணம் ஒன்றுதான்.

மதுரை: குறுக்கே வளைத்து ஏற்றச் சொல்கிறார்கள், உண்மையா?

உண்மை. 45 டிகிரி சாய்த்து ஏறினால் ஐந்துக்கு ஒன்று சரிவு ஏழுக்கு ஒன்று போல ஆகிவிடும். ஒரு டயர் முதலில் ஏறி அந்தப் பக்க மூக்கைத் தூக்கியும் விடும். ஆனால் பத்தடி கேட்டில் 45 டிகிரிக்கு எங்கே இடம்? 30 டிகிரி என்றால் ஐந்துக்கு ஒன்று என்பது ஐந்தே முக்காலுக்கு ஒன்று ஆகும், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடாமல் ஏறுங்கள்.

வேளச்சேரி: உள்ளே இடமில்லை. ராம்ப்பைத் தெருவுக்குள் மூன்றடி நீட்டிவிடலாமா?

கூடாது. நடைபாதையும் மழைநீர் வடிகாலும் உங்களுடையவை அல்ல. மாநகராட்சி வந்தால் இடித்துவிட்டுப் போகும்.

அதே வேளச்சேரி: ரோட்டை மேலே மேலே போட்டு என் வீட்டைப் பள்ளமாக்கியவர்கள் யார்? அதற்கு அணையாகத்தான் வாசலை உயர்த்தினேன். அவர்கள் செய்தால் சாலைப்பணி, நான் செய்தால் ஆக்கிரமிப்பா?

மயிலாப்பூர்: அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ராம்ப் நீட்டியதால் என் மாமியார் நடுரோட்டில் நடக்கிறார். அதற்கு யார் பதில் சொல்வது?

சரி, இதைப் பேசிவிடுவோம். வேளச்சேரி ஐயாவின் கோபத்தில் தப்பில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் மெஷின் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தார் கொட்டுவதற்கு முன் புகார் கொடுங்கள். கொட்டிய பிறகு யாரும் சுரண்ட மாட்டார்கள்.

அதற்காக மூன்றடி நீட்டுவதை ஒப்புக்கொள்ள முடியாது. மயிலாப்பூர்க்காரர் சொல்வதுதான் கண்ணெதிரே நடக்கிறது. வடிகாலின் வாயை ராம்ப் அடைத்தால் தெருத் தண்ணீர் வேறு வழியில்லாமல் யார் வாசல் பள்ளமோ அங்கே போகும். வேளச்சேரிக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

வேளச்சேரி: அடியில் பிவிசி பைப் வைத்துவிடுகிறேன், தண்ணீர் போய்விடுமே.

முதல் மழைக்குப் போகும். அப்புறம் பிளாஸ்டிக் கவரும் இலையும் அடைக்கும், குனிந்து எடுக்க ஆள் வராது. அவசியம் என்றால் ரப்பர் சாய்வுக் கட்டையை மடிப்பில் வைத்து ஏற்றுங்கள், உடனே எடுத்து உள்ளே வையுங்கள். ஒன்றரை அங்குல மரப்பலகை, ஐந்தடி நீளத்தில் இரண்டு இருந்தாலும் போதும். லிப் சரிவை நெருங்கும் முன்பே டயர் பலகைமேல் ஏறி மூக்கைத் தூக்கிவிடும். பலகையில் ஏறும்போதும் பிரேக் வேண்டாம்.

சேலம்: ஸ்பேசர் போடலாமா?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுச்சேரி: முன்பக்கத்தை மட்டும் தூக்கும் லிஃப்ட் வசதி உதவுமா?

நன்றாகவே உதவும். 911-இல் ஆப்ஷனாக வரும் லிஃப்ட் 4 செ.மீ. அளவுக்கு மூக்கைத் தூக்கும். அண்ணா நகர்க்காரரின் கணக்கில் அது ஆறரைக்கு ஒன்றை ஐந்துக்கு ஒன்றாக்குகிறது. ஆனால் தூக்குவது முன்பக்கத்தை. நடுவயிற்றுக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

ஈரோடு: எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது.

என் துறை இல்லை. சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதியில், வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உயரம்தான் என்றிருந்தது. டேப் வைத்து அளந்து உள்ளாட்சிக்கு எழுதுங்கள்.

தாம்பரம்: புது ராம்ப் போட்டு மூன்று நாள் ஆகிறது, வண்டி ஏற்றலாமா?

வேண்டாம். ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனையுங்கள். முழு வலு வர 28 நாள் ஆகும். காரை அதுவரை வெளியிலேயே விடுங்கள். மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்காமல் விளக்குமாற்றால் கோடு இழுத்திருக்கிறார்களா? இல்லையென்றால் மழையில் டயர் சுற்றும்.

ஓசூர்: சார், ஸ்பேசர் பற்றி ஒரு சந்தேகம்...

வாசல் அளவு இருக்கிறதா? இருந்தால் அதை அனுப்புங்கள்.