நிகோட்டின் பேட்ச், கம், மாத்திரை: எனக்கு எது சரிவரும்?

கேள்வி: 12 வருடமாக ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிக்கிறேன். எழுந்த பத்து நிமிடத்திற்குள் முதல் சிகரெட். விட நினைத்து 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் மென்றேன், தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டேன். தோலில் ஒட்டும் பேட்ச் போடலாமா, வாயில் கரைக்கும் மாத்திரை நல்லதா?

பதில்: பேட்ச் போடுங்கள், ஆனால் கம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த எரிச்சலும் விக்கலும் பெரும்பாலும் மென்ற விதத்தால் வந்திருக்கும். சாதாரண சூயிங் கம் போல விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும், அங்கே போனால் எரிச்சல்தான், பலன் குறைவு. அது கன்னத்தின் உட்புறம் வழியாக ரத்தத்தில் சேர வேண்டியது. நாலைந்து முறை மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுருசுருவென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இப்படியே அரை மணி நேரம். காபியோ பழச்சாறோ குடித்து 15 நிமிடமாவது போகட்டும், அவற்றின் அமிலம் நிகோட்டினை உள்ளே சேர விடாது.

இன்னொன்று, அளவும் உங்களுக்குப் போதவில்லை. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம்தான் சரி.

பேட்ச் நாள் முழுக்கச் சீராக நிகோட்டின் தரும். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் என்றால் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம், அப்புறம் 14 மில்லிகிராம் இரண்டு வாரம், 7 மில்லிகிராம் இரண்டு வாரம். தினமும் இடம் மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். பேட்சால் கனவுகள் தொந்தரவு செய்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம், ஆனால் காலை ஆசை உங்களுக்குப் பலமாக இருப்பதால் முடிந்தவரை இரவிலும் வைத்திருக்கப் பாருங்கள்.

பேட்சின் குறை என்னவென்றால் அது மெதுவாக வேலை செய்யும். சிகரெட் நிகோட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது, பேட்சுக்கு மணிக்கணக்காகும். யாரோ பக்கத்தில் பற்றவைக்கும்போது சட்டென்று எழும் ஆசையை அதனால் சமாளிக்க முடியாது. அதற்குத்தான் கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் பயன்படுத்துபவர்களைவிட அதிகமாக வெற்றி பெறுகிறார்கள், இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். "இவ்வளவு நிகோட்டினா?" என்று பயப்படாதீர்கள். பழக்கத்துக்கு அடிமையாக்குவது நிகோட்டின், ஆனால் நுரையீரலைக் கெடுப்பது முக்கியமாகப் புகையில் உள்ள தாரும் மற்ற நச்சுகளும். ஆனாலும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கரைக்கும் மாத்திரை கம்மின் வேலையையே செய்கிறது. பல்செட் வைத்தவர்களுக்கும் தாடை வலி உள்ளவர்களுக்கும் அதுதான் வசதி. கடிக்காமல், விழுங்காமல் கரைய விடுங்கள்.

காபி குடிப்பீர்களா? அளவைப் பாதியாக்குங்கள். புகை நின்றதும் காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அந்தப் படபடப்பை நிகோட்டின் ஏக்கம் என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்து எறியாதீர்கள். அது இருந்தபடியே இருக்கட்டும், அடுத்த ஆசை வரும்போது கம்மை எடுங்கள்.