மாடியில் ஒரு வெதர் ஸ்டேஷன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், மழை, வெப்பநிலை, காற்று இவற்றை வீட்டிலேயே அளக்கும் வெதர் ஸ்டேஷனைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐந்து சென்சார் ஒன்றாக வருவது, ஏழு ஒன்றாக வருவது, தனித்தனியாக வருவது என்று பல வகை இருக்கிறது. எண்ணிக்கை கூடக் கூட நல்லதுதானே? எதை வாங்கலாம்?

அந்த ஐந்தும் ஏழும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிக்க வசதியான எண்கள், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மழை, வெப்பநிலை, காற்று இந்த மூன்றில் எது சரியாக வந்தால் உங்களுக்குத் திருப்தி? மூன்றும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சிக்கல் என்னவென்றால் இந்த மூன்றுக்கும் ஒரே இடம் ஒத்துவராது. வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், புல்தரை மாதிரியான திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது உலக வானிலை அமைப்பு. காற்றுமானிக்கு அதே அமைப்பு சொல்லும் உயரம் 10 மீட்டர். மழைமானி வேறு கேட்கும்: மேலே எதுவும் மறைக்கக் கூடாது, ஆனால் காற்று பலமாக அடிக்கவும் கூடாது. உயரத்தில் வைத்தால் காற்று துளிகளைப் புனலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடும், மழை குறைவாகக் காட்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்டி ஒரே கம்பத்தில் ஏற்றும் ஆல் இன் ஒன் வகையை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்று அடிவாங்கும்.

இடம் இருக்கிறவர்கள் தனித்தனிச் சென்சார் வாங்குங்கள். எக்கோவிட் போன்ற நிறுவனங்கள் மழைக்கு ஒன்று, வெப்பநிலைக்கு ஒன்று என்று பிரித்தே விற்கின்றன, ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். டேவிஸின் வான்டேஜ் புரோ 2 மாதிரியான பெரிய செட்டில் காற்றுமானியைத் தனியாகக் கழற்றி, கூடவே வரும் நீளமான கேபிளில் இழுத்து உயரத்தில் மாட்டலாம். ஒரே கம்பத்துக்குத்தான் இடம் என்றால் ஆல் இன் ஒன் தப்பில்லை, எந்த அளவை நம்ப வேண்டும், எதை உத்தேசமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இன்னொரு விஷயம். காற்றை அளக்கச் சுழலும் கிண்ணமோ, மழையை அளக்கச் சாயும் கரண்டியோ இல்லாத மாடல்கள் இப்போது நிறைய வருகின்றன. காற்றை ஒலி அலையால் அளக்கின்றன, மழையை ஒரு தகட்டின் மேல் துளி விழும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகின்றன. காற்று அளக்கிற பகுதி நல்லது, தேய்வதற்கு ஒன்றுமில்லை. மழைப் பகுதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. பொடித் தூறலை அது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை, பலத்த காற்றில் கம்பம் ஆடினால் சில சமயம் அதையும் மழையாக எண்ணிவிடும். மழைக் கணக்குதான் முக்கியம் என்றால் பழைய புனல் வகையே வாங்குங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி மாட்டியிருக்கிறேன். மொபைலில் காட்டுவதைவிட என் சென்சார் மத்தியானத்தில் 4 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ராத்திரியிலும் கூடுதல்தான். சென்சார் பழுதா?

இல்லை, உங்கள் சுவரின் வெப்பநிலையை அது மிகச் சரியாக அளந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க மெதுவாகக் கக்கும். அதனால்தான் இரவிலும் கூடுதலாக இருக்கிறது. பகலில் மட்டும் கூடுதலாக இருந்து இரவில் சரியாக இருந்தால், நேர் வெயில் படுகிறது அல்லது சென்சாரைச் சுற்றியுள்ள கூடு போதவில்லை என்று அர்த்தம்.

வெப்பமானி என்பது காற்றின் சூட்டை அளக்க வேண்டும், வெயிலின் சூட்டை அல்ல. இதற்காகத்தான் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களிலேயே பக்கவாட்டில் சாய்வுச் சட்டங்கள் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டியைச் செய்தார். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் போய்வரும். நம் சென்சாரில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறதே வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு, அது இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை. விலை குறைந்த மாடல்களில் தட்டுகள் மெலிதாகவும் குறைவாகவும் இருக்கும், காற்றில்லாத மத்தியானத்தில் கூட்டுக்குள்ளேயே சூடு தேங்கிவிடும். உள்ளே சின்ன மின்விசிறி வைத்த கூடுகளும் உண்டு, அவை நன்றாகவே வேலை செய்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: சுவர், தண்ணீர் டேங்க், ஏசியின் வெளி யூனிட், தகரக் கூரை எல்லாவற்றிலிருந்தும் விலக்குங்கள். மாடிதான் கதி என்றால் மாடித் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டராவது கம்பம் நிறுத்தி மேலே தூக்குங்கள். தோட்டம் இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள், அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இத்தனையும் செய்த பிறகும் மொபைலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மொபைலை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் எங்கோ உள்ள நிலையங்களையும் கணினி மாதிரிகளையும் கலந்து உங்கள் தெருவுக்கு உத்தேசமாகச் சொல்வது.

கேள்வி: மழை அளவு சரியாக வருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், அரை மணி நேர வேலை. புனல் வகை மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் டக்கென்று சாய்ந்து கொட்டும், மற்றது நிரம்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு சாய்வும் பல மாடல்களில் 0.2 மி.மீ. மழை, சிலவற்றில் 0.25.

ஸ்கேலை எடுத்துப் புனல் வாயின் உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.785 ஆல் பெருக்குங்கள். 10 மி.மீ. மழைக்கு அந்தப் புனலில் எத்தனை மில்லிலிட்டர் விழ வேண்டும் என்பது இதுதான். விட்டம் 12 செ.மீ. என்றால் 113 மி.லி. ஊசி போடும் சிரிஞ்சால் அவ்வளவு தண்ணீரை அளந்து ஒரு காகிதக் கோப்பையில் ஊற்றி, கோப்பையின் அடியில் குண்டூசியால் ஒரு துளை போட்டுப் புனலுக்கு மேல் வையுங்கள். சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் இறங்க வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் சோதனை வீண், ஏனென்றால் கிண்ணம் சாய்கிற அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. பேய்மழையில் இந்த வகை மழைமானிகள் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

கன்சோலில், அதாவது அளவுகளைக் காட்டும் திரைப்பெட்டியில், 9.8, 10.2 என்று வந்தால் தூங்கப் போகலாம். 9.2 வந்தால், கன்சோலில் மழைக்கான திருத்த எண் இருக்கிறதா பாருங்கள், 1.09 என்று கொடுங்கள். அதற்கு முன் ரசமட்டத்தை வைத்து மழைமானி சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பாதிக் கோளாறு அதில்தான் இருக்கும். அப்புறம், சோதனைக்கு முன் இணைய இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். சுட்டெரிக்கும் வெயிலில் ஊரிலேயே என் வீட்டில் மட்டும் 10 மி.மீ. மழை பெய்ததாக இணையத்தில் ஏறிவிட்டது.

கேள்வி: வெளியே வெயில் கொளுத்துகிறது. கன்சோலோ தினமும் சாயங்காலம் நாலு மணி வாக்கில் மேகமும் மழையும் படம் போடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பல கன்சோல்களில் வரும் அந்தப் படத்துக்குப் பின்னால் செயற்கைக்கோளும் இல்லை, ஒன்றும் இல்லை. கடந்த சில மணி நேரத்தில் காற்றழுத்தம் ஏறியதா இறங்கியதா, அது ஒன்றுதான் கணக்கு. இறங்கினால் மேகப்படம், ஏறினால் சூரியன். தாழ்வுப் பகுதிகள் அடுத்தடுத்துக் கடந்துபோகும் மிதவெப்ப நாடுகளில் இது ஓரளவு பலிக்கும்.

வெப்பமண்டலத்தில் கதையே வேறு. அங்கே காற்றழுத்தம் கடலலை மாதிரி தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உச்சம், அதிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் அடிமட்டம். சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறங்குவது அங்கே சாதாரணம். பாவம், கன்சோலுக்கு அது தெரியாது, ஏதோ தாழ்வு நிலை வருகிறது என்று தினமும் பயப்படுகிறது. படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இன்று மாலை நாலு மணி அழுத்தத்தை நேற்று மாலை நாலு மணி அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். 24 மணி நேர வித்தியாசத்தில் இந்தத் தினசரி அலை அடிபட்டுப்போகும். அப்போதும் நன்றாக இறங்கியிருந்தால் மேகத்தைத் தேடலாம்.

கேள்வி: காற்றழுத்தம் 1009 என்று விமான நிலையம் சொல்கிறது, என் கன்சோல் 962 என்கிறது. எது சரி?

இரண்டும். உங்களுடையது நீங்கள் இருக்கும் உயரத்தின் அழுத்தம், அவர்கள் சொல்வது கடல்மட்டத்துக்கு மாற்றிய கணக்கு. தாழ்வான இடங்களில் 8 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், 47 குறைகிறது என்றால் நீங்கள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். காற்றில்லாத ஒரு நாளில் அவர்கள் எண்ணைப் பார்த்து, கன்சோலின் 'ரிலேட்டிவ்' (கடல்மட்டத்துக்கு மாற்றிய) அழுத்தத்தை அதற்குச் சமமாக வைத்துவிடுங்கள். அழுத்த சென்சார் வீட்டுக்குள்ளே கன்சோலில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றுதான்.

கேள்வி: காற்றின் திசையை நேர் எதிராகக் காட்டுகிறது. கொடியில் துணி தெற்கே பறக்கிறது, கன்சோல் வடக்கு என்கிறது.

சரியாகத்தான் காட்டுகிறது. காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் பெயர். தமிழில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. உங்கள் மாடியில் வாடை அடிக்கிறது.

மாட்டும்போது சென்சாரிலுள்ள வடக்குக் குறியை உண்மையான வடக்குக்குத் திருப்ப வேண்டும். மொபைல் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், அது இரும்பைப் பார்த்து மயங்கும். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே தூரத்தில் ஒரு கோபுரமோ கட்டடமோ இருந்தால் அதைக் குறிவைத்துத் திருப்புங்கள். காற்றின் வேகத்தைப் பொறுத்தவரை, பக்கத்து மரம் 8 மீட்டர் என்றால் காற்றுமானி அதிலிருந்து 80 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டில் முடியும்? வரும் எண்ணை உங்கள் மாடியின் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 100 மீட்டர் எட்டும் என்று போட்டிருந்தது. 15 மீட்டரிலேயே சிக்னல் அறுந்துபோகிறது.

அந்த 100 மீட்டர் வெட்டவெளியில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. கம்பி போட்ட கான்கிரீட் தளம் இரண்டு குறுக்கே வந்தால் பாதிகூட எட்டாது. கன்சோலை ஃபிரிட்ஜ், டிவி, ரூட்டர் இவற்றின் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னலோரம் வையுங்கள், பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சென்சார்கள் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் பேசும், வேற்று நாட்டு மாடலை வாங்கிவிட்டுப் பின்னால் கூடுதல் சென்சார் சேர்க்கப் பார்த்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. வைஃபையில் சேரவில்லை என்று எழுதிய மற்ற மூவருக்கும்: பெரும்பாலான கன்சோல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், ரூட்டரில் அது இயங்குகிறதா பாருங்கள்.

கம்பத்தில் ஏற்றும் முன் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் ஒரே அறையில், இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் ஓட விடுங்கள். உள் சென்சாரும் வெளி சென்சாரும் ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஏணி ஏறி இறங்க வேண்டாம்.

கேள்வி: மாட்டிவிட்டால் அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய வேலை இருக்கிறதா?

இருக்கிறது, குறைந்தது மாதம் ஒருமுறை. போன வருடம் ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை கொட்டியது, காலையில் கன்சோல் 0.0 என்றது. பேட்டரி, சிக்னல், மென்பொருள் என்று அரை நாள் அலசிவிட்டுக் கடைசியில் ஏறிப் பார்த்தால், புனலில் தண்ணீர் தளும்பி நிற்கிறது, துளையில் ஒரு வேப்பிலைக் காம்பும் பறவை எச்சமும் சேர்ந்து அடைத்திருக்கின்றன. குத்திவிட்டதும் சீசா டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது, பளிச்சென்ற வெயிலில் கன்சோலில் மழை ஏறிக்கொண்டே போனது. இன்னொரு முறை உள்ளே சாய்கிற கிண்ணத்தையே சிலந்தி வலை பின்னிக் கட்டிப்போட்டிருந்தது. இப்போதெல்லாம் ஈரத்துணி ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று இரண்டையும் மாடிப்படிக் கதவருகிலேயே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.